வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புமுன் போனைச் சரிபாருங்கள்: மலையிலிருந்து போகிறவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கத்திலிருந்து ஓட்டல் படிப்பு முடித்துவிட்டுச் சொகுசுக் கப்பலுக்கும் வளைகுடா ஓட்டல்களுக்கும் போகிற தம்பி தங்கைகள் வருடா வருடம் இருக்கிறார்கள். கப்பலில் வேலை பார்க்கும் நான் விடுமுறையில் வீட்டில் இருந்தால் தேடி வந்து விவரம் கேட்பார்கள். எந்த ஷூ வாங்குவது, கையில் எத்தனை டாலர் வைத்துக்கொள்வது, மெடிக்கல் எங்கே எடுப்பது என்று எல்லாம் கேட்பார்கள். போனைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் தடவை கிளம்பும்போது நானும் யாரிடமும் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு ஆறு நாள் முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கடையில் ₹31,000 கொடுத்துப் பழைய ஐபோன் 12 வாங்கினேன். "தம்பி, இது அன்லாக் செட்டு, உலகம் பூரா வேலை செய்யும்" என்றார் கடைக்காரர். என் சிம்மைப் போட்டார், கால் போனது, நம்பிவிட்டேன். மயாமியில் கப்பல் ஏறி, முதல் ஓய்வு நாளில் கரையில் 40 டாலருக்கு ஒரு சிம் வாங்கிப் போட்டேன். 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று வந்தது. கப்பல் திரும்ப மூன்று மணி நேரம்தான் இருந்தது. கூட வந்த பிலிப்பைன்ஸ்காரர் போனை வாங்கி சிம் தட்டை வெளியே இழுத்தார். சிம்முக்கு அடியில் நகத்தைவிட மெல்லிய ஒரு தகடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் ஓரத்தில் கடுகளவு சிப். ஒரே கம்பெனியின் சிம்மை மட்டும் எடுக்கும்படி பூட்டிய போனை ஏமாற்றி ஓட வைக்கும் 'ஆர்-சிம்' அது என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு வாரத்தில் ஒரு அப்டேட் போட்டதும் இந்திய சிம்மும் செத்துவிட்டது. அதோடு வங்கி ஓடிபியும் நின்றது. அந்த மாதம் அம்மாவுக்குப் பணம் போய்ச் சேர 23 நாள் தாமதம்.

இதில் ஒன்றுகூட வீட்டிலிருந்தபோது கண்டுபிடிக்க முடியாத விஷயம் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. இரண்டு மாதம் முன்னால் வாங்குங்கள்

விசா கைக்கு வந்ததும் போனை வாங்கிவிடுங்கள், டிக்கெட் வரும் வரை காத்திருக்காதீர்கள். போனில் குறை இருந்தால் மாற்ற, பூட்டு இருந்தால் திறக்க, வங்கி ஆப்களைப் புதுப் போனில் பதிய, எண்ணை ரோமிங்கில் போட என்று ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கும். மலையிலிருந்து ஒரு சின்ன வேலைக்குக் கோவை போய் வந்தாலே ஒரு பகல் முழுக்கப் போய்விடும். கடைசி வாரத்தில் இதற்கெல்லாம் நேரமே இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு மாதம் கையில் வைத்துப் பயன்படுத்தினால்தான் பேட்டரி நிற்கிறதா, மைக் சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் தெரியவரும். பனிக்காலக் காலையில் 40 சதவீதத்தில் திடீரென்று அணைந்துபோகிற பழைய போன், அலாஸ்கா பக்கம் போகிற கப்பலிலும் அதையேதான் செய்யும்.

2. கடையில் நின்றபடி பூட்டைச் சோதியுங்கள்

'அன்லாக்' என்ற சொல்லுக்குக் கடைகளில் மூன்று நான்கு அர்த்தம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த நாட்டின் எந்தக் கம்பெனி சிம்மைப் போட்டாலும் எடுக்க வேண்டும், அதுவும் இடையில் எந்தச் சிப்பும் இல்லாமல். பழைய செட்டு என்றால் கீழே சொல்வதை ஒன்று விடாமல் செய்யுங்கள்.

முதலில் சிம் தட்டை நீங்களே வெளியே எடுத்துப் பாருங்கள். தட்டும் சிம்மும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய்க் கீழே இறங்குங்கள். 'கேரியர் லாக்' என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். 'சிம் லாக்டு' என்று இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பத்து விநாடியில் முடிகிற வேலை இது. எனக்கு அது தெரிந்திருந்தால் ₹31,000 மிச்சமாகியிருக்கும்.

அதே பக்கத்தில் மாடல் நம்பரும் இருக்கும். அது எச்என்/ஏ என்று முடிந்தால் இந்தியாவுக்கு வந்த செட்டு. எல்எல்/ஏ என்றால் அமெரிக்கா, ஜே/ஏ என்றால் ஜப்பான். முதல் எழுத்தையும் பாருங்கள். எம் என்றால் புதிதாகக் கடையில் விற்றது, எஃப் என்றால் ஆப்பிளே சரிசெய்து விற்றது, என் என்றால் பழுதான ஒன்றுக்குப் பதிலாகக் கொடுத்தது. அமெரிக்கச் செட்டு எல்லாமே பூட்டியது என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே போன்களைத் தவணையில் கொடுத்துக் கம்பெனியே பூட்டி வைக்கிற வழக்கம் இருப்பதால், அந்த எழுத்துகளைப் பார்த்தால் இரண்டு மடங்கு உஷாராக இருங்கள்.

ஆண்ட்ராய்டில் இதுபோல எல்லாப் போனுக்கும் பொதுவான ஒரு வரி கிடையாது. வேறு வேறு கம்பெனியின் இரண்டு சிம்களைக் கையில் கொண்டுபோங்கள். ஜியோ ஒன்று, ஏர்டெல் அல்லது பிஎஸ்என்எல் ஒன்று. இரண்டையும் இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். 'சிம் நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்டால் பூட்டு இருக்கிறது.

அப்புறம் *#06# அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், இரண்டு சிம் போனில் இரண்டு எண். பெட்டியில், பில்லில், திரையில் மூன்றிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். அங்கேயே நின்று கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அரசின் சஞ்சார் சாத்தி சேவை இது. இந்தியாவில் திருட்டுப்போன போன் என்று தடை செய்திருந்தால் பதிலில் தெரிந்துவிடும்.

கடைசியாக, கடைக்காரர் முன்னாலேயே ஃபேக்டரி ரீசெட் போட்டு, புதிதாக உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் திறக்கச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரின் கணக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அப்போதே பாஸ்வேர்டு கேட்கும். "ரீசெட் எல்லாம் வேணாம் தம்பி, டேட்டா ஏத்தி வெச்சிருக்கேன்" என்று இழுத்தடித்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இங்கே புதுப் போனைத் தவணையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில கடன் கம்பெனிகள் போனுக்குள் ஒரு லாக் ஆப் போட்டுக் கொடுக்கின்றன. தவணை தவறினால் திரை பூட்டிக்கொள்ளும். நடுக்கடலில் இருக்கும்போது வங்கிக் கணக்கில் பணம் குறைந்து ஒரு தவணை திரும்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முடிந்தால் முழுப் பணம் கொடுத்து வாங்குங்கள். இல்லையென்றால் கிளம்பும் முன் கடனை அடைத்து, கடன் பாக்கி இல்லை என்ற என்ஓசி சான்று வாங்கி, அந்த ஆப் நீங்கிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

3. சொந்தக்காரர் கொண்டுவரும் போன்

"மாமா அங்கிருந்து கொண்டுவர்றார்" என்பவர்கள், அது எந்த நாட்டில் வாங்கியது என்பதை முதலில் கேளுங்கள். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து புதுப் போன்களைப் பூட்டாமல்தான் விற்க வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து பூட்டிய போன் விற்கத் தடை. ஜப்பானிலும் 2021 அக்டோபரிலிருந்து பொதுவாகப் பூட்டுவதில்லை. அமெரிக்காவில் இன்னும் பூட்டு உண்டு. அங்கே போன் கம்பெனியின் கடையில் தவணைக்கு வாங்காமல், தயாரித்த கம்பெனியிடமே முழு விலை கொடுத்து 'அன்லாக்டு' என்று எழுதியதை வாங்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பூட்டிய போன் வந்துவிட்டதா? அதைத் திறக்கும் உரிமை, பூட்டிய கம்பெனிக்குத்தான் உண்டு. தவணை முழுதும் கட்டியிருக்க வேண்டும், அவர்கள் சொல்லும் காத்திருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும், யார் பெயரில் வாங்கினாரோ அவர் கணக்கிலிருந்தே கேட்க வேண்டும். எனவே போன் ஊருக்கு வருவதற்கு முன்பே மாமாவே அதைச் செய்து முடித்துவிடுவது நல்லது. பணம் வாங்கிக்கொண்டு ஐஎம்இஐ-யை வைத்துத் திறந்து தருகிறேன் என்கிற முகம் தெரியாத ஆட்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இரண்டு சின்ன விஷயம். ஜப்பானில் விற்கும் போன்கள் பலவற்றில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாது. சீனாவில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் சேவைகள் இருக்காது.

சில புதுப் பெட்டிகளின் மேல், முதலில் இந்தப் பகுதியின் சிம்மோடு பயன்படுத்த வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த மாதிரிப் போனை வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமலே வெளிநாடு எடுத்துப்போய் அங்கே சிம் போட்டால் ஏற்காது. இங்கேயே உங்கள் சிம்மைப் போட்டு, ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் பேசிவிட்டு எடுத்துப்போங்கள்.

4. சிம் தட்டு இருக்கிறதா பாருங்கள்

இப்போது நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கிற, கழற்ற முடியாத ஈசிம் மட்டும்தான். ஐபோன் 17 வரிசையில் கனடா, ஜப்பான், மெக்சிகோ, சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் செட்டுகளும் அப்படியே. ஐபோன் ஏர் எங்கே வாங்கினாலும் ஈசிம்தான். சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் வந்த ஐபோன்கள் பலவற்றில் ஒரே தட்டில் இரண்டு சிம் போடலாம்.

என் தீர்மானமான யோசனை இது: இந்திய எண் சாதாரண சிம்மாகவே இருக்கட்டும், வெளிநாட்டு எண்ணுக்கு ஈசிம் வைத்துக்கொள்ளுங்கள். போன் கீழே விழுந்து உடைந்தால் சாதாரண சிம்மைக் கழற்றி நண்பர் போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம். இந்திய எண்ணை ஈசிம்மாக மாற்றியிருந்தால், அதை அடுத்த போனுக்குக் கொண்டுபோவதற்கே ஓர் எஸ்எம்எஸ்ஸோ ஓடிபியோ வேண்டியிருக்கும். அதுதான் உங்களிடம் இருக்காதே. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராமல் நிறுத்தி வைப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆக, உங்களுக்கு வேண்டியது ஒரு சிம் தட்டும் ஈசிம்மும் சேர்ந்த போன். ஈசிம் உண்டா என்று தெரிந்துகொள்ள *#06# போதும். ஐஎம்இஐ-யோடு இஐடி என்று 32 இலக்க எண்ணும் வந்தால் உண்டு. நம் ஊரில் அதிகம் விற்கிற விலை குறைந்த பல மாடல்களில் ஈசிம் இல்லை. அப்படிப்பட்ட போனாக இருந்தால் இரண்டு சிம் தட்டாவது இருக்க வேண்டும்.

5. எந்த நாட்டுக்கு எந்தப் பேண்ட்

பூட்டு இல்லாத போனிலும் சிக்னல் கிடைக்காமல் போகலாம். ஒவ்வொரு நாட்டு டவரும் வேறு வேறு அலைவரிசையில் ஓடுகிறது. அதைத்தான் பேண்ட் என்கிறார்கள். உங்கள் போனில் அந்தப் பேண்ட் இல்லையென்றால் டவர் பக்கத்திலேயே நின்றாலும் பயனில்லை.

நம் மலைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது கடைவீதியில் முழுக் கோடு காட்டுகிற போன், குஞ்சப்பனை வளைவுகளில் ஒன்றுமில்லாமல் போகும். உயர்ந்த அலைவரிசை வேகமாக இருக்கும், ஆனால் தூரம் போகாது. தாழ்ந்த அலைவரிசைதான் மேட்டையும் சுவரையும் தாண்டி வரும். ஜியோவுக்கு 850 மெகாஹெர்ட்ஸ், பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அந்த வகை. வெளிநாட்டிலும் இதே கதைதான். அதனால் தாழ்ந்த பேண்டுகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீழே இருப்பவை பேண்டுகளின் பெயர் எண்கள், அலைவரிசையின் அளவு அல்ல.

அமெரிக்கா: 2, 4, 66 நகரத்துக்கு. தாழ்ந்தவை 12, 13, 71. இந்தியாவில் விற்கும் நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் விடுபடுவது இந்தக் கடைசி மூன்றுதான்.

ஐரோப்பா, பிரிட்டன்: 1, 3, 7. தாழ்ந்தவை 8, 20, 28.

வளைகுடா: பெரும்பாலும் 1, 3, 7, 20, 28.

ஜப்பான்: 1, 3. தாழ்ந்தவை 8, 18, 19, 26, 28.

வீட்டுக்கு வந்தால்: 1, 3, 5, 8, 28, 40. 5ஜிக்கு என்28, என்78. வெளிநாட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் 5-ம் 40-ம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், இல்லையென்றால் விடுமுறைக்கு வரும்போது வருத்தப்படுவீர்கள்.

இந்த விவரம் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும். போன் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு ஒரு மாடல் வரும். எடுத்துக்காட்டாக ஐபோன் 13-ல் ஏ2482 அமெரிக்காவுக்கு, ஏ2633 இந்தியா உட்பட மற்றப் பல நாடுகளுக்கு. ஐபோனில் 'அபவுட்' பக்கத்தில் இருக்கும் மாடல் நம்பரைத் தொட்டால் ஏ-யில் தொடங்கும் இந்த எண் வரும், அதை எழுதிக்கொண்டு அதற்குரிய பட்டியலைப் பாருங்கள்.

இதோடு, 4ஜி வழியாகவே கால் பேசும் வசதியான வோல்டி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் மூன்று பெரிய கம்பெனிகளும் 2022-ல் 3ஜியை நிறுத்திவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரோடு முடிந்தது. அதனால் அங்கே கால் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அதிலும் ஆஸ்திரேலியாவில், 4ஜியில் அவசர எண்ணை அழைக்க முடியாத போனை நெட்வொர்க்கிலேயே சேர்ப்பதில்லை. ஜியோ சிம்மில் ஆப் எதுவும் இல்லாமல் நேரடியாகப் பேச முடிந்தால் போனில் வோல்டி உண்டு என்பது தெரிந்துவிடும். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனி அந்த மாடலை ஏற்க வேண்டும். எங்கே இறங்குகிறீர்களோ அந்த ஊர்க் கம்பெனியின் தளத்தில் ஐஎம்இஐ போட்டுப் பார்க்கிற வசதி இருந்தால் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

6. காகிதங்களும் செலவும்

ஜிஎஸ்டி பில், அதில் ஐஎம்இஐ அச்சாகியிருக்க வேண்டும். கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. தனி ஆளிடம் வாங்கினால் அவருடைய அடையாள அட்டை நகலில் 'இந்த ஐஎம்இஐ உள்ள போனை இன்ன தேதியில் விற்றேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டுச் செட்டானால் அங்கே வாங்கிய பில்லின் படத்தையாவது கேட்டு வாங்குங்கள். பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும் என்பதால் அதையும் எழுத்தில் பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை என் கணக்கு எளிது. பழைய உயர்ந்த மாடலுக்குக் கொடுக்கிற ₹25,000 முதல் ₹30,000-ஐ, இங்கேயே வாரண்டியோடு விற்கிற, ஈசிம் உள்ள புது ஆண்ட்ராய்டுக்குக் கொடுங்கள். அமெரிக்காவில் தரையில் தங்கி வேலை செய்யப்போகிறவர்கள் மட்டும் பேண்ட் கூடுதலாக வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் மேலே போக வேண்டியிருக்கும். கப்பல்காரர்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

7. கிளம்பும் முன் இந்திய எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்

யுபிஐ ஆப்பும் வங்கி ஆப்பும் புதுப் போனில் பதியும்போது உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் தானாகவே போகும். வெளிநாட்டிலிருந்து அது போவது சிரமம், போனாலும் ரோமிங் கட்டணம் பிடிக்கும். நான் இரண்டாவதாக பார்சிலோனாவில் நல்ல போன் வாங்கியும், ஊர் திரும்பும் வரை யுபிஐ-யைத் திறக்கவே முடியவில்லை. எல்லா ஆப்களையும் இங்கேயே பதிந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துவிடுங்கள். வங்கிக் கிளைக்கு நேரில் போய் மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்து, மின்னஞ்சலுக்கும் ஓடிபி வருமா என்று கேளுங்கள்.

சர்வதேச ரோமிங்கை இங்கிருக்கும்போதே திறந்துவிடுங்கள். எஸ்எம்எஸ் வருவதற்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் கம்பெனியிடம் கேளுங்கள். என் எண்ணில் பிடிக்கவில்லை. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுத்திவிடலாம். ப்ரீபெய்டு கணக்கில் ₹20 இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாள் வைத்திருப்பார்கள். ஒப்பந்தம் எட்டு ஒன்பது மாதம் என்றால் ஒரு வருட ரீசார்ஜ் போட்டுவிடுவதே நிம்மதி. நிறுத்திய எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கப்பல்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கரையை விட்டு விலகியதும் போன் தானாகவே கப்பலின் செல் நெட்வொர்க்கில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் கட்டணம் மிக அதிகம். கயிறு அவிழ்க்கும்போதே ஃபிளைட் மோடு போட்டு, வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள். டேட்டா ரோமிங் எப்போதும் அணைந்தே இருக்கட்டும்.

அமீரகம் போகிறவர்கள் வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள், அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. அனுமதி பெற்ற ஆப்களில்தான் பேச வேண்டும், அதே ஆப்பை அம்மா போனிலும் போட்டுப் பேசிப் பழக்கிவிட்டுப் போங்கள். துருக்கியில் நீண்ட நாள் தங்கினால் 120 நாளுக்குள் போனைப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும்.

8. தொலைந்தால்

ஐஎம்இஐ எண்களை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் உறையில் ஒன்று, வீட்டில் ஒன்று வையுங்கள். பில்லைப் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, அதன் நகல், அடையாள அட்டை, பில் இவற்றோடு சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சிஇஐஆர் பகுதியில் பதிந்தால் அந்தப் போன் இந்திய நெட்வொர்க்குகளில் முடங்கும். பதியும்போது ஓடிபி வேண்டும் என்பதால் அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் முதலில் வாங்குங்கள். சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, அவசரப்பட வேண்டாம்.

வெளிநாட்டில் தொலைந்தால் டூப்ளிகேட் சிம் நீங்கள் வாங்க முடியாது. முதல் வேலையாக வீட்டுக்குத் தகவல் சொல்லி, கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்துச் சிம்மை முடக்கச் சொல்லுங்கள். அந்த வாடிக்கையாளர் எண்ணும் வங்கியின் எண்ணும் போனுக்குள் மட்டும் இருந்தால் போதாது. ஐஎம்இஐ எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் அவற்றையும் எழுதிவிடுங்கள்.